குக்கர்காரர் வீட்டுப் பானை

என் வீட்டுக்காரர் கப்பல்படையில் பதினைந்து வருஷம் இருந்தார். அதற்குப் பிறகு இருபத்து நான்கு வருஷம் பிரஷர் குக்கர் விற்றார். கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை அடுப்பில் அவர் குக்கர் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு மேல் ஏறாத அடுப்பு ஒன்றை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அது எங்கள் வீட்டு அடுப்பு.

போன வருஷம் பங்குனியில் அவர் இறந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகும் துக்கம் விசாரிக்கப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "உங்க வூட்டுக்காரர் குடுத்த குக்கருதாங்க, இன்னிக்கும் அதுலதான் பருப்பு வேவுது. உங்களுக்குத் தெரியாததா?" என்பார்கள். நானும் தலையாட்டி வைப்பேன். அந்த நேரம் உள்ளே மண்பானையில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். இனி மறைத்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் மணலூர்பேட்டைப் பக்கம். கரும்பு போடுகிற குடும்பம். பெண்ணையாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் என்பதைத் தவிர, தண்ணீருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் பெரிய பழக்கம் கிடையாது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு சிநேகிதனுக்குத் துணையாகப் போயிருக்கிறார். பட்டாளத்து வரிசை வெயிலில் நின்றது. பக்கத்தில் ஒரு சின்ன வரிசை வேப்பமர நிழலில் நின்றது. இவர் போய் நிழலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் மார்பை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பட்டாளத்துக்குப் போன சிநேகிதன் உயரம் போதாமல் சாயங்காலமே ஊர் திரும்பிவிட்டான். துணைக்குப் போனவர் கப்பலுக்குப் போய்விட்டார். சேதி கேட்ட என் மாமியார், "கழனிக்குத் தண்ணி கட்டுடான்னா, கடலுக்கா போவான் ஒருத்தன்?" என்று அந்தச் சிநேகிதனைத் தெருவரைக்கும் துரத்தினாராம்.

கப்பலில் அவருக்கு பாய்லர் ரூம் வேலை. கப்பலை ஓட்டுகிற நீராவி உண்டாகிற இடம் அது, கப்பலின் அடிவயிற்றில் இருக்கும். ஜன்னல் கிடையாது. விடுமுறையில் வந்தால் ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு, "கடல் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்பார்கள். "சூடா இருக்கும்" என்பார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் கடலில் இருந்தவர் கடலைப் பார்த்தது ரொம்பக் கம்மி.

எங்களுக்குக் கல்யாணமாகி, மறுவீட்டு விருந்துக்காகக் கள்ளக்குறிச்சியில் என் அம்மா வீட்டுக்கு வந்தோம். புது மாப்பிள்ளைக்குத் தாகம். என் அம்மாவிடம் போய், "அத்த, கேலி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கப்பலில் சமையலறைக்கு அப்படித்தான் பெயராம். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? முகம் வெளுத்து, "நாங்க யாரையும் கேலி பண்ணலீங்க மாப்ள. யாராச்சும் எதனா சொன்னாங்களா?" என்று கையைப் பிசைந்தாள். அவர் திகைத்து, "இல்லீங்க, கேலிக்குப் போயி தண்ணி குடிக்கணும்" என்றார். அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். அப்பா வந்து சமாதானம் பண்ணி, மாப்பிள்ளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கிடைக்கக் கால் மணி நேரமாயிற்று.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாப்பாடு முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டபடி உட்கார்ந்தபோது, என் சித்தப்பா, "கப்பல்ல இன்னா வேல மாப்ள?" என்று கேட்டார். என் வாழ்க்கையின் போக்கை முடிவு செய்த கேள்வி அதுதான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஸ்டீமு லீக் ஆச்சுன்னா கண்ணுக்குத் தெரியாதுங்க மாமா" என்று அவர் ஆரம்பித்தார். "வெள்ளையா வந்தா அது ஆறிப்போன ஆவி. நெசமான ஸ்டீமு தெரியவே தெரியாது. உஸ்ஸுன்னு சத்தம் மட்டும்தான் கேக்கும். எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும்ல? தொடப்பக் கட்டைய முன்னால நீட்டிக்கினு ஒவ்வொரு அடியா போவோம். எந்த எடத்துல கட்டை ரெண்டா வெட்டிக்கினு வுழுதோ, அங்கதான் ஓட்டை."

"கட்டை இல்லாம போனா?" என்றார் சித்தப்பா.

"கட்டைக்குப் பதிலா நம்ம கை வுழும்."

சித்தப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் என் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் நன்றாகக் கதை சொல்வார். அன்றைக்கு ரொம்ப நன்றாகச் சொல்லிவிட்டார்.

பதினைந்து வருஷம் முடிந்து அவர் ஊருக்கு வந்தபோது நான் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கள்ளக்குறிச்சியில் குடியிருந்தோம். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் வாட்ச்மேன் வேலைதான் தயாராக இருந்தது. இவருக்கு ஒரே இடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. அப்போது ஒரு குக்கர் கம்பெனி விற்பனைக்கு ஆள் எடுத்தது. "குக்கர் பத்தித் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "குக்கரப் பத்தித் தெரியாதுங்க. அதோட பாட்டனோட பதினஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்றிருக்கிறார். அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள்.

முதல் நாள் ஒரு குக்கரைக் கையில் தூக்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி வீட்டுக்கு வந்தார். "டீச்சரம்மா, முதல் போணி நம்ம வூட்டுலதான்" என்றார். பருப்பைப் போட்டார், தண்ணீர் ஊற்றினார், மூடினார், அடுப்பில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மூடியிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது.

நான் கொல்லைப்பக்கம் போய் நீளத் துடைப்பத்தை எடுத்துவந்தேன். சமையலறை வாசலில் நின்று, கட்டையை முன்னால் நீட்டி, ஒரு அடி வைத்தேன்.

"இன்னா பண்ற?" என்றார்.

"ஓட்டை எங்கன்னு பாக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார். மறுவீட்டு விருந்தில் தான் சொன்ன கதை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"அது வேற ஸ்டீமு, இது வேற ஸ்டீமு."

"ஸ்டீமுல இன்னாங்க வேற? கண்ணுக்குத் தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இது கண்ணுக்குத் தெரியுது பாரு. வெள்ளையா வருது."

"வெள்ளையா வந்தா அது ஆறிப்போனதுன்னீங்க. ஆறாதது எங்க இருக்குது?"

பின்னாளில் எத்தனையோ ஊரில் எத்தனையோ பெண்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் மடக்கி மடக்கிப் பதில் சொன்னவர்தான். இந்த ஒன்றுக்குக் கடைசிவரைக்கும் பதில் கிடைக்கவில்லை. விசில் அடித்தபோது நான் பக்கத்து வீட்டில் இருந்தேன்.

அதன்பிறகு அவர் என்னை வற்புறுத்தியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்ணெண்ணெய் அடுப்பைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போய், அவரே குக்கரில் பருப்பு வேகவைப்பார். விசில் அடங்கி, மூடி திறந்து, எல்லாம் ஆறிய பிறகு உள்ளே கொண்டுவருவார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் தோட்டத்திலிருந்து வரும். மற்ற ஆறு நாளும் பானைதான்.

வெளியில் அவர் பெரிய ஆள். ரிஷிவந்தியம், திருக்கோவிலூர், சந்தை கூடுகிற ஊர் எல்லாவற்றுக்கும் போவார். ஸ்டவ், குக்கர், ஒரு பை கொண்டைக்கடலை, ஒரு மடக்கு நாற்காலி. இவ்வளவுதான் சாமான். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, அதற்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிடுவார். கூட்டம் குக்கரைப் பார்க்காது. இந்த மனிதர் எப்போது எழுந்து ஓடுவார் என்று அவர் முகத்தையே பார்க்கும். விசில் அடிக்கும்போது ஒரு பக்கத்தைப் புரட்டுவார். அந்தப் பக்கம் புரட்டுவதில்தான் வியாபாரமே என்பார்.

தொந்தரவு என்னவென்றால், வாங்கியவர்கள் வீட்டுக்கே தேடி வந்துவிடுவார்கள். மூடிக்குள் போடுகிற ரப்பர் தேய்ந்துவிட்டது, வெயிட் தொலைந்துவிட்டது என்று யாராவது வந்தபடி இருப்பார்கள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் நான் பானையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன். மேடையில் மூன்று குக்கரைத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருப்பேன். ஒருநாள் ஒரு அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வாங்குன மாதிரியே பளபளன்னு வெச்சிருக்கீங்க? எங்குளுது கருகிப்போயிக் கெடக்குது" என்று அதிசயப்பட்டாள். "பாத்துப் பாத்து வெச்சிருக்கேம்மா" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

இப்படி நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் கல்வராயன் மலைக்குப் போகிறவரைக்கும்.

மலையில் பருப்பு வேக நேரம் ஜாஸ்தி ஆகும், அதனால் அங்கே குக்கர் கட்டாயம் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். அங்கே மகளிர் குழுவுக்குத் தலைவியாக ஒரு பெண் இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சாமையும் மொச்சையும் போடுகிற குடும்பம். இவர் வழக்கம்போல நாற்காலி போட்டு, பேப்பர் படித்து, பக்கம் புரட்டி, எல்லாம் செய்து முடித்தார். அந்தப் பெண் கடைசிவரைக்கும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க வூட்டுல அந்தம்மா இதுலதான் ஆக்குதா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்டதில்லையாம். இவர், "பின்ன?" என்றிருக்கிறார்.

"அப்ப அந்தம்மாவ இட்டாந்து காட்டு. ஆம்பள பேச்ச வெச்சி நாங்க எதையும் அடுப்புல ஏத்தறதில்ல."

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது, "வர்ற சனிக்கெழம மலைக்குப் போறோம்" என்றார்.

"எதுக்கு?"

விஷயத்தைச் சொன்னார். நான் முடியவே முடியாது என்றேன். அவர் கெஞ்சவில்லை. "அந்த ஊரு பொம்பளைங்க மொச்சைய வேகவெக்கறதுக்குள்ள ஒரு கட்டு வெறகு எரிஞ்சிபோவுது. காட்டுக்குப் போயி அவங்கதான் தூக்கியாறாங்க" என்று மட்டும் சொன்னார். விற்பனைக்காரர் வீட்டில் பேசினாலும் விற்பனைக்காரர்தான். நான் இறங்கி வந்தேன். ஆனால் பேரம் பேசினேன். குக்கரிலிருந்து பத்து முழம் தள்ளித்தான் நிற்பேன் என்றேன். "பத்து முழத்துல நின்னா எவ வாங்குவா?" என்றார். கடைசியில் நான்கு முழத்தில் முடிந்தது.

அடுத்தது, நான் என்ன சொல்வது என்பது. "எங்க வூட்டுல இதுலதான் ஆக்குறோம், அவ்ளோதான். ஒத்த வரி" என்றார். பொய் சொன்னதற்காக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் நான். யோசித்து யோசித்து, பொய் இல்லாத ஒரு வரியைக் கண்டுபிடித்தேன். 'எங்க வூட்டுல ஏழு குக்கர் இருக்குது.' பரண்மேல் பெட்டி பிரிக்காமல் இருந்தவற்றையும் சேர்த்தால் சரியாக ஏழுதான்.

சனிக்கிழமை பஸ் வளைந்து வளைந்து மலையேறியது. வழி முழுக்க நான் அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டே போனேன். ஊரில் பெரிய பலா மரத்துக்கு எதிரே இருந்த களத்தில் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் ஓரமாக நின்றார்கள். முன்வரிசையில் காது கேட்காத பெரியவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். இவர் ஒரு குக்கரில் மொச்சையும் இன்னொன்றில் சாமையும் போட்டு இரண்டு ஸ்டவ்வில் ஏற்றினார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். நான் நான்கு முழம் தள்ளி நின்றேன். செருப்பை மட்டும் களத்தில் போடக்கூடாது என்று ஓரமாகக் கழற்றி வைத்திருந்தேன்.

தலைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சொல்லும்மா."

"எங்க வூட்டுல ஏழு குக்கர் இருக்குது" என்றேன், மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற குரலில்.

"ஏழா?" பெண்களிடையே ஒரு சலசலப்பு. என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தலைவி அசரவில்லை. "இருக்குது, சரி. எங்க வூட்டுலகூட ஒரு டேப் ரெக்கார்டு இருக்குது, பாடாது. நீ இதுல ஆக்குறியா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஏனென்றால் அந்த நொடியில் இரண்டு குக்கரும் ஒன்றாக விசில் அடித்தன.

நான் ஓடினேன். திரும்பிப் பார்க்காமல், வெறுங்காலோடு, பலா மரத்தைக் குறிவைத்து ஓடினேன். குக்கர்காரர் பொண்டாட்டியே ஓடினால் வேறு யார் உட்கார்ந்திருப்பார்கள்? நாற்பது பெண்களும் என் பின்னால் ஓடிவந்தார்கள். ஆண்கள் எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். களத்தில் இரண்டு குக்கர், காது கேட்காத பெரியவர், என் வீட்டுக்காரர். இவ்வளவுதான் மிச்சம். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

தலைவி மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம், "நீ ஏம்மா ஓடுன?" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுவீட்டு விருந்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கப்பல், பாய்லர் ரூம், கண்ணுக்குத் தெரியாத ஸ்டீம், ரெண்டாக விழுகிற துடைப்பக் கட்டை, கிணற்றடிச் சாம்பார், மேடையில் கவிழ்த்து வைத்திருக்கிற மூன்று குக்கர். நாற்பது பேரும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்கள். துடைப்பக் கட்டை வந்த இடத்தில் ஒருத்தி "அய்யய்யோ" என்றாள். கடைசியில் தலைவி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் எல்லோரையும் கூட்டிக்கொண்டு களத்துக்குத் திரும்பினாள்.

"உம் பொண்டாட்டி எல்லாத்தையும் சொல்லிட்டா" என்றாள் அவரிடம்.

அவர் பேப்பரை மடித்தார். அவர் காது சிவந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். "தொறந்து காட்டட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

சாமை பசையாகிப் போயிருந்தது. தலைவி ஒரு விரலில் தொட்டு வாயில் வைத்து, "இது சோறு இல்ல, சொவத்துக்குப் பூசறது" என்றாள். மொச்சையை எடுத்து நசுக்கினாள். வெண்ணெய்போல நசுங்கியது. இன்னொன்றை எடுத்து நசுக்கினாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். காது கேட்காத பெரியவர் அதற்குள் ஒரு கை மொச்சையைத் தின்று முடித்திருந்தார்.

குழுவுக்குப் பொதுவில் இரண்டு குக்கர் வாங்குவதாக முடிவாயிற்று. மொச்சைக்கு மட்டும். ஆனால் தலைவி ஒரு நிபந்தனை போட்டாள். "இந்தம்மாவே பயப்படுது. அப்ப இதுல ஏதோ இருக்குது. அதுக்குப் பயம் தெளியற வரைக்கும் நீயே மாசாமாசம் வந்து எல்லாத்தையும் பாத்துட்டுப் போவணும்."

"அதுக்கென்னங்க, வரேன்" என்று அவர் ஒப்புக்கொண்டார். ஒன்றிரண்டு மாதத்தில் தெளிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். கோபமாக இருக்கிறார் என்று நானும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வளைவில் மெதுவாக, "ஓடுறதுதான் ஓடுன. செருப்ப மாட்டிக்கினு ஓடியிருக்கலாம்ல?" என்றார். என் பாதத்தில் முள் தைத்திருந்ததை அவர் கவனித்திருக்கிறார். காலைத் தூக்கி மடியில் வைத்து, என் புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றி, ஓடுகிற பஸ்ஸில் முள்ளை எடுத்தார். பஸ்ஸே பார்த்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

என் பயம் தெளியவே இல்லை. அதனால் பதினோரு வருஷம் மாதம் தவறாமல் அவர் மலையேறினார். ரப்பர் மாற்றுவார், வெயிட்டைச் சுத்தம் செய்வார், நெளிந்த அடியைத் தட்டி நிமிர்த்துவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் போனார். "இன்னா, அந்தம்மாவுக்குத் தெளிஞ்சிச்சா?" என்று தலைவி ஒவ்வொரு முறையும் கேட்பாளாம். "இன்னும் இல்லீங்க" என்பாராம். பிறகு ஒரு பை சாமையோ தேனோ கொடுத்து அனுப்புவாள். அந்தச் சாமையை நான் பானையில் வடித்துப் போடுவேன். உதிரி உதிரியாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று மனமில்லாமல் ஒப்புக்கொள்வார்.

மூட்டு வலி வந்து மலையேற்றம் நின்றதும் தெருதான் அவர் எல்லை. காலையில் ஹாலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தள்ளுவார், கப்பலில் அப்படித்தானாம். அதை முடித்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். எட்டு மணி வாக்கில் தெரு முழுக்க விசில் கேட்கும். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மூணாவது வூட்டுல ரப்பர் போச்சு" என்பார். "எதிர் வூட்டுல தண்ணி கம்மியா வெச்சிட்டாங்க" என்பார். சொன்ன கையோடு எழுந்து போய்க் கதவைத் தட்டுவார். புதிதாகக் குடிவந்த ஒரு பெண், காலை வேளையில் கிழவர் ஒருவர் வந்து உங்கள் பருப்பு அடிப்பிடிக்கிறது என்று சொன்னதில் பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டாள். அரை மணி கழித்து அடிப்பிடித்த குக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு அவளே வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் மூச்சிறைப்பு வந்து, ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் ஊசி, கத்தரியெல்லாம் வேகவைக்கிற பெரிய பாத்திரத்திலிருந்து உஸ்ஸென்று சத்தம். இவர் கண்ணை மூடிக்கொண்டே, "ரப்பர் போச்சு" என்றார்.

"பேசாம படுங்க" என்றேன்.

"நீ வெளிய போயி நில்லு. லீக் ஆவுது" என்றார் என்னிடம். எனக்காகக் கவலைப்பட்டுத்தான் சொன்னார். நான் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் காலை மட்டும் வாசல் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

பத்து நிமிஷம் பொறுத்தார். பிறகு பாட்டிலைக் கொக்கியிலிருந்து எடுத்து ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி அடுத்த அறைக்குப் போய்விட்டார். நர்ஸ் பெண் ஓடிவந்து, "தாத்தா, இன்னா பண்றீங்க? ரத்தம் மேல ஏறப்போவுது" என்று கத்தினாள். "பாட்டிலப் புடிம்மா, ஒசத்திப் புடி" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பை அணைக்கச் சொல்லி, மூடியை விரலால் தடவிப் பார்த்தார். எந்தக் கடையில் எந்த அளவு ரப்பர் கேட்க வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரிப் பையனை அனுப்பினார். டாக்டர் வந்தபோது இவர் ரப்பரைப் பொருத்திக்கொண்டிருந்தார். டாக்டர் திட்டத்தான் வாயெடுத்தார். அதற்குள் இவர், அடுத்த தடவை வாங்கும்போது இரண்டு வால்வு உள்ளதாக வாங்க வேண்டும் என்று ஆரம்பித்து, டாக்டரைப் பத்து நிமிஷம் நிற்க வைத்துவிட்டார். "சரிங்க, அதையே வாங்கறேன்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் படுக்கைக்குத் திரும்பினார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த திருப்தியை மருந்து எதுவும் கொடுத்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம்போல நன்றாகத்தான் இருந்தார். பங்குனியில் ஒரு காலை, ஹாலைக் கழுவிவிட்டு, ஈரம் காயட்டும் என்று வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காபியோடு போன நான் இரண்டு முறை கூப்பிட்டேன். மடியில் பேப்பர் இருந்தது.

ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகள் வந்து சேர மதியமாகிவிட்டது. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூவருமே தரைப்படை. எங்கள் பக்கம் கப்பல்படைக்காரர் என்று இவர் ஒருவர்தான், அதனால் சங்கத்தில் இவரைத் 'தண்ணிப் பட்டாளம்' என்று கூப்பிடுவார்களாம். மாலை போட்டுவிட்டு வரிசையாக நின்று சல்யூட் அடிக்கப் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

"நேவிக்கு வேற மாதிரில்ல?" என்றார் ஒருவர்.

"எல்லாம் ஒண்ணுதான்யா."

"இல்ல. அவரு சண்ட போடுவாரு. உள்ளங்கைய வேற பக்கம் வெப்பாரு."

மூன்று கிழவர்களும் தாழ்ந்த குரலில் வாக்குவாதம் செய்தார்கள். ஒருவர் கையை முன்பக்கம் திருப்பினார், ஒருவர் பக்கவாட்டில் திருப்பினார். பெண்களோடு தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனேன்.

"உள்ளங்கை கீழ பாக்கணுங்க" என்றேன். "பாய்லர் ரூமுல கையெல்லாம் கரியும் எண்ணெயுமா இருக்கும். அத பெரியவங்களுக்குக் காட்டக் கூடாதுன்னு சொல்லுவாரு." என் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் செய்து காட்டினேன். அவர்கள் செய்தார்கள். நடுவில் நின்றவருக்குச் சரியாக வரவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி வைத்து, "இன்னொரு தடவ" என்றேன்.

என் நாத்தனார் பின்னாலிருந்து, "இன்னா பொம்பள இவ? புருசன் கெடக்கறான், டிரில் எடுத்துக்கினு இருக்கா" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மகள் வந்து பிடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியபோது மூன்று பேரும் தெருவில் வெயிலில் நின்று சல்யூட் அடித்தார்கள். வண்டி திருப்பம் தாண்டுகிறவரைக்கும் கையை இறக்கவில்லை. நடுவில் நின்றவரின் உள்ளங்கை கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வழக்கத்துக்கு முன்பக்கம் திரும்பிவிட்டது. பார்த்தேன். திருத்தப் போகவில்லை.